"அப்ப வெளியால ஆர் நிண்ட?" – ஒரு டைகர் டாங்கியும் நாங்களும்

போன டிசம்பர் விடுமுறையில் எங்கள் குழுவில் ஒருவனுடைய கல்லடி வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. கனடாவிலிருந்து வந்த மாமா கொண்டுவந்தது. சொக்லேட், சப்பாத்து, சேர்ட் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. மூடியில் பனிக்குள்ளால் முன்னேறி வருகிற ஒரு டாங்கியின் படம். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி ஓட்டிய டைகர் 1. அசலை விட 35 மடங்கு சிறிய பிளாஸ்டிக் மொடல். பெட்டியைத் திறந்தால் டாங்கி இல்லை. சட்டங்களில் கோத்துக் கிடக்கிற நூற்றுக்கணக்கான துண்டுகளும் ஒரு வழிகாட்டிப் புத்தகமும்தான் இருந்தன.

ஆறு கிழமை வேலை. வெட்ட நகவெட்டி, தேய்க்க அக்காவின் நகம் தேய்க்கிற அரம், கழுவப் பழைய பல் பிரஷ். விறாந்தையில் பாயை விரித்து, சில்லு சில்லாக ஒட்டினோம். பக்கத்தில் இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மம்மா ஒருநாள் கேட்டா:

"இதுக்குள்ள ஆர் மனே இரிக்கிற?"

"ஒருத்தரும் இல்ல அம்மம்மா, இது விளையாட்டுச் சாமான்."

"அது தெரியும். மெய்யான சாமானுக்குள்ள ஆர் இரிந்த?"

"ஜேர்மன் ஆமிக்காரங்க. அஞ்சு பேர்."

"அப்ப வெளியால ஆர் நிண்ட?"

அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

தோற்றவனுக்கு மேல்தட்டு

மாமா சொன்னதொரு விஷயம் எங்களைக் குழப்பியது. அவர் போகிற மொடல் கடையில் டாங்கிகளுக்கென்று ஒரு பெரிய அலுமாரி இருக்கிறதாம். அதில் பாதிக்கு மேல் ஜேர்மன் சாமான். போரை வென்ற சோவியத்துக்கும் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் மிச்ச இடம்தான். மொடல் செய்கிறவர்களின் யூடியூப் காணொளிகளைத் தேடிப் பார்த்தோம். அங்கேயும் அதே கதை. டைகர், பன்தர், பன்சர் 4, ஸ்டூக் என்று வரிசையாக ஜேர்மன் பெயர்கள்.

உண்மையான போர்க்களத்தின் கணக்கு இதற்கு நேர்மாறு. டைகர் 1 மொத்தமாகச் செய்யப்பட்டது ஏறத்தாழ 1,350 மட்டும். அதற்குப் பிறகு வந்த டைகர் 2 ஐந்நூறைக்கூட எட்டவில்லை. பன்தர் 6,000 அளவில். மற்றப் பக்கத்தில், சோவியத்தின் டி-34 போர்க்காலத்தில் மட்டும் 50,000 ஐத் தாண்டியது. அமெரிக்காவின் ஷெர்மனும் ஏறத்தாழ 50,000. போரைத் தீர்மானித்த டாங்கிகள் இவைதான். லேசாகச் செய்யலாம், லேசாகத் திருத்தலாம், ஆயிரக்கணக்கில் அனுப்பலாம்.

டைகர் அப்படி இல்லை. 57 தொன் பாரம். ஒரு பக்கத்துக்கு எட்டு அச்சு, அதில் ஒன்றுக்குள் ஒன்று செருகிய மாதிரிச் சில்லுகள். உள்பக்கத்துச் சில்லு ஒன்று பழுதென்றால் வெளிப்பக்கத்துச் சில்லுகளை முதலில் கழற்ற வேண்டும். ரஷ்யக் குளிரில் இடையில் போன சேறு இறுகிச் சில்லுகளே அசையாமல் நின்றதுண்டு. எதிரியின் குண்டு படாமல், இயந்திரம் உடைந்தும் எரிபொருள் முடிந்தும் நின்ற டைகர்கள் பல. அவற்றை ஓட்டி வந்தவர்களே வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனார்கள்.

அப்படியென்றால் மொடல் செய்கிறவர்கள் எல்லாம் ஹிட்லரின் ஆதரவாளர்களா? முதலில் எங்களுக்குள் ஒருத்தி அப்படித்தான் கேட்டாள். அது சரியான பதில் இல்லை. அப்படியான சிலர் இருக்கலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் இரவில் வேலை முடிந்து வந்து, மேசை விளக்குக்குக் கீழே ஒரு சின்னச் சங்கிலியைக் கோத்துக்கொண்டிருக்கிற சாதாரண ஆட்கள். அவர்களுக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றை முதலில் நேர்மையாகப் பார்ப்போம்.

அச்சும் பெயின்றும்

முதல் காரணம் ஜப்பானில் இருக்கிறது. ஷிசுவோக்கா என்ற நகரம். 1945 ஜூனில் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு போட்டு எரித்த நகரம். அங்கே 1946 இல் மர வியாபாரமாகத் தொடங்கிய கம்பனிதான் தமியா. முதலில் மரத்தில் மொடல் செய்தார்கள். பிளாஸ்டிக் வந்ததும் மரம் விற்பனையாகவில்லை. 1960 இல் யமாட்டோ போர்க்கப்பலை பிளாஸ்டிக்கில் செய்தார்கள், அதுவும் சரிவரவில்லை. அதற்குப் பிறகு 1960களின் தொடக்கத்தில் செய்த ஒரு டாங்கிதான் கம்பனியைத் தூக்கிவிட்டது. அது ஜேர்மனியின் பன்தர்.

பன்தரைப் பார்த்தால் ஏனென்று விளங்கும். அதன் உடம்பு முழுக்கத் தட்டையான, சரிந்த இரும்புத் தகடுகள். நேர்கோடுகள் அதிகம் என்றால் உலோகத்தில் அச்சு வெட்டுவது லேசு. அந்த மொடலுக்குள் மோட்டாரும் பற்றரியும் வைத்து ஓட விட்டார்கள். பற்றரி கொள்ளுகிற அளவுக்கு உடம்பை வைத்தபோது வந்த அளவுதான் 1:35. இன்றைக்கு உலகம் முழுக்க டாங்கி மொடல்களின் வழமையான அளவு அதுதான். அதாவது இந்தப் பொழுதுபோக்கின் அளவுகோலே ஒரு ஜேர்மன் டாங்கிக்குள் பற்றரி வைத்ததிலிருந்து வந்தது. ஒரு தலைமுறைச் சிறுவர்கள் முதலில் கையில் எடுத்தது எதுவோ, வளர்ந்த பிறகும் அவர்கள் தேடியது அதைத்தான்.

இரண்டாவது காரணம் வகை. ஜேர்மனியிடம் திட்டமான ஒரு உற்பத்தி ஒழுங்கு இருக்கவில்லை. பழைய டாங்கியின் அடிப்பாகத்தில் புதிய பீரங்கி, பிடிபட்ட பிரெஞ்சு, செக் வாகனங்களில் தங்களுடைய பீரங்கி என்று மாற்றிக்கொண்டே போனார்கள். 188 தொன் பாரமுள்ள மௌஸ் என்றொரு டாங்கியைக்கூடத் திட்டமிட்டு, இரண்டே இரண்டு செய்தார்கள். போருக்கு இது கேடு. உதிரிப்பாகம் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஆனால் மொடல் சேகரிக்கிறவருக்கு இது முடிவே இல்லாத விருந்து.

மூன்றாவது, நிறம். சோவியத் டாங்கி என்றால் பெரும்பாலும் ஒரே பச்சை. அமெரிக்க டாங்கியும் ஒருவித மங்கல் பச்சை. ஜேர்மன் வாகனங்களுக்கு 1943 பெப்ரவரியில் ஒரு உத்தரவு வந்தது. தொழிற்சாலையில் இருந்து வருகிறபோது அடி நிறம் கடும் மஞ்சள். அதன்மேல் பச்சையையும் செம்பழுப்பையும் களத்தில் நிற்கிறவர்களே இடத்துக்கேற்ற மாதிரிப் பூசிக்கொள்ள வேண்டும். காட்டில் நிற்கிறவர் ஒரு மாதிரி, வெளியில் நிற்கிறவர் இன்னொரு மாதிரி. இரண்டு டாங்கி ஒரே மாதிரி இருக்காது. இதற்கு மேல், காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்க சிமிரிட் என்ற சாந்தை 1943 இலையுதிர் காலம் தொடங்கி ஒரு வருடமளவில் பூசினார்கள். வரி வரியாக, சுவருக்குச் சீப்புப் போட்ட மாதிரி. மொடல் செய்கிறவருக்கு இதெல்லாம் கைவேலை காட்டுகிற இடங்கள்.

எங்கள் டைகருக்கு நிறம் அடித்தபோது இதை நாங்களே உணர்ந்தோம். பச்சைக் கோட்டை எந்த வளைவில் கொண்டுபோவது, சேற்றை எங்கே தெளிப்பது, துருவை எந்தக் கதவின் மூலையில் வைப்பது என்று மூன்று இரவு கதைத்தோம். சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

தோற்றவன் எழுதிய சரித்திரம்

அச்சும் பெயின்றும் மட்டும் காரணமென்றால் இந்தக் கட்டுரை இங்கே முடிந்திருக்கும். நான்காவது காரணம்தான் வரலாறு படிக்கிற எங்களுக்கு முக்கியமானது.

"வென்றவர்களே சரித்திரம் எழுதுகிறார்கள்" என்று பட்டிமன்றத்திலும் சொல்கிறோம், பரீட்சைத் தாளிலும் எழுதுகிறோம். ஜேர்மன் டாங்கிகள் விஷயத்தில் அது பொய். போர் முடிந்து பனிப்போர் தொடங்கியதும், சோவியத் படையோடு மோதிய அனுபவம் அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது. அது ஜேர்மன் தளபதிகளிடம்தான் இருந்தது. ஹிட்லரின் தரைப்படைத் தலைமை அதிகாரியாக 1938 முதல் 1942 வரை இருந்த பிரான்ஸ் ஹால்டரின் மேற்பார்வையில், நூற்றுக்கணக்கான முன்னாள் ஜேர்மன் அதிகாரிகள் அமெரிக்க இராணுவத்தின் வரலாற்றுப் பிரிவுக்காக எழுதினார்கள். டாங்கிப் படையின் தளபதி குடேரியனின் நினைவுக்குறிப்பு 1950களின் தொடக்கத்திலும், மன்ஸ்ரைனுடையது 1955 இலும் வந்தன. மன்ஸ்ரைன் தன்னுடைய புத்தகத்துக்கு வைத்த தலைப்பே "இழந்த வெற்றிகள்".

இந்தப் புத்தகங்களின் சாரம் ஒன்றுதான். நாங்கள் திறமையான தொழில்முறைப் படைவீரர்கள், எங்கள் இயந்திரங்கள் உயர்ந்தவை, ஹிட்லரின் முட்டாள்தனத்தாலும் எதிரியின் எண்ணிக்கையாலும் தோற்றோம், கொலைகள் எல்லாம் எஸ்.எஸ். காரர்கள் செய்தவை. குடேரியனுக்கு ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் ஹிட்லர் ஒரு பெரிய பண்ணையைப் பரிசாகக் கொடுத்திருந்தார். அந்தக் காணி யாருடையது, அவர்கள் எங்கே போனார்கள் என்பது டாங்கிப் போரின் கதைக்குள் வருவதில்லை.

இந்தக் கதை வாசிக்க நன்றாக இருந்தது. திறமையுள்ள சிறுபான்மை, எண்ணிக்கையால் நசுக்கப்பட்ட வீரம், கடைசிவரை நின்ற இயந்திரம். படங்களும் விளையாட்டுகளும் மொடல் பெட்டிகளின் ஓவியங்களும் இதையே எடுத்துக்கொண்டன. மைக்கல் விட்மன் என்ற டைகர் கட்டளை அதிகாரியின் டாங்கி இலக்கத்தைத் தேடி ஒட்டுகிற மொடல்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். விட்மன் எஸ்.எஸ். அதிகாரி என்பது அங்கே ஒரு சீருடை விபரம் மட்டும்.

உண்மை என்ன? 1941 ஜூனில் சோவியத்துக்குள் நுழைந்த ஜேர்மன் படை 6 இலட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளோடுதான் போனது. "இயந்திரப் படை" என்பது முன்னால் போன ஒரு பகுதி. மற்றவர்கள் நடந்தும், குதிரைவண்டியில் சாமான் ஏற்றியும் போனார்கள். போகிற வழியில் பிடித்த சோவியத் போர்க்கைதிகளில் 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஜேர்மன் காவலில் பட்டினியாலும் நோயாலும் சுடப்பட்டும் இறந்தார்கள். அந்தக் கைதிகளைப் பிடித்ததும் வைத்திருந்ததும் எஸ்.எஸ். மட்டுமில்லை, சாதாரண இராணுவம். ஜேர்மனியிலேயே இதைப் பொதுவெளியில் பெரிதாகப் பேச வைத்தது, ஹம்பேர்க் நகரின் சமூக ஆய்வு நிறுவனம் 1995 இல் தொடங்கிய கண்காட்சி. போர் முடிந்து 50 வருடம்! தங்களுடைய அப்பாக்களும் தாத்தாக்களும் எடுத்த புகைப்படங்கள் அங்கே தொங்கியதைப் பார்த்துப் பலர் கோபப்பட்டார்கள், சிலர் அழுதார்கள்.

இப்போது எங்கள் டைகருக்குத் திரும்புவோம். டைகர் 1 முதன்முதலாகக் களத்துக்கு வந்தது 1942 இல், லெனின்கிராட்டுக்குப் பக்கத்தில். பெட்டியிலிருந்த பனி அங்கத்தைய பனிதான். அந்த நேரம் அந்த நகரம் முற்றுகைக்குள் இருந்தது. 872 நாள் முற்றுகை. உள்ளே பல இலட்சம் சனம் பசியால் செத்தது. டைகரைச் செய்தது காசல் நகரத்து ஹென்ஷெல் தொழிற்சாலை. ஐரோப்பாவின் ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்ட ஆயிரக்கணக்கான கட்டாயத் தொழிலாளர்கள் அங்கே வேலை செய்தார்கள்.

அம்மம்மாவின் கேள்விக்குப் பதில் இதுதான். வெளியால் நின்றது இவர்கள்.

ஜேர்மனியில் ஒரு சட்டம் இருக்கிறது. நாசிச் சின்னங்களைப் பொதுவில் காட்டக்கூடாது. அதனால் அங்கே விற்கிற மொடல் பெட்டிகளில் ஸ்வஸ்திகாவை அழித்துவிடுவார்கள், அல்லது இரண்டு துண்டாக வெட்டி அச்சடிப்பார்கள். எங்களுக்கு இதில் ஒரு விசித்திரம் தெரிந்தது. சின்னத்தை வெட்டினால் டாங்கி இன்னும் சுத்தமாகிவிடுகிறது. வெறும் பொறியியலாகிவிடுகிறது. சட்டம் பிழை என்று சொல்லவில்லை. சின்னத்தை அழிப்பதும் ஞாபகம் வைப்பதும் வேறு வேறு வேலை என்று சொல்கிறோம்.

எங்கட கடலுக்குள்ள ஒரு கப்பல்

இதெல்லாம் எங்கேயோ ஐரோப்பாவில் நடந்தது, நமக்கென்ன என்று யாரும் நினைக்கலாம். அந்தப் போர் எங்கள் கரைக்கும் வந்தது.

1942 ஏப்ரல் 5 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்து, 9 ஆம் திகதி திருகோணமலை. அன்றைக்கே மட்டக்களப்புக்கு நேரே கடலில் பிரித்தானியாவின் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல்களில் ஒன்று. அன்று அதில் விமானமே இருக்கவில்லை. 307 பேர் இறந்தார்கள். அதோடு வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. தப்பியவர்களை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றியது. ஹேர்மிஸ் இன்றும் ஐம்பது மீற்றருக்கு மேல் ஆழத்தில், இடது பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. எங்கள் ஊர்ப் படகுகள் வெளிநாட்டுச் சுழியோடிகளை அங்கே கூட்டிப்போகின்றன.

ஹேர்மிஸுக்கும் மொடல் இருக்கிறது. செய்தது அஒஷிமா என்ற ஜப்பானியக் கம்பனி. அதுவும் ஷிசுவோக்காவில்தான் இருக்கிறது. 1:700 அளவு. முழுக்கப்பலும் ஒரு அடிமட்டத்தை விடக் கொஞ்சம் குறைவான நீளம். மூழ்கடித்த நாட்டில் அச்சு வார்த்து, மூழ்கடிக்கப்பட்ட நாட்டுக்கு விற்கிறார்கள். யாருக்கும் கோபமில்லை. எங்களுக்கும் இல்லை. சிறு வயதில் ஹேர்மிஸ் பற்றிக் கேட்டபோதெல்லாம் எங்களுக்கு அது ஒரு பெருமை மாதிரித்தான் இருந்தது. "எங்கட கடலுக்குள்ள ஒரு பெரிய யுத்தக் கப்பல் கிடக்கு" என்று வெளியூர் நண்பர்களிடம் சொல்வோம்.

ஏன் கோபமில்லை? கடல் எங்களுடையது, சாவு எங்களுடையது இல்லை. அந்த 307 பேரில் ஒருவருடைய தாயும் எங்கள் ஒழுங்கையில் இருக்கவில்லை. ஒரு போர் மொடலாவதற்கு இது போதும். கொஞ்சக் காலமும் கொஞ்சத் தூரமும் வேண்டும். வெளியால் நின்றவர்களின் சொந்தக்காரர் அந்த அறைக்குள் இருக்கக்கூடாது. லெனின்கிராட்டில் ஒரு வீட்டு மேசையில் டைகர் மொடலை வைத்தால் எப்படி இருக்கும் என்று அதற்குப் பிறகுதான் யோசித்தோம். அதை யோசிக்க எங்களுக்கு வேறொரு வாகனம் தேவைப்பட்டது.

பவள்

டைகர் முடிந்த கிழமை, எங்களில் ஒருவன் உற்சாகத்தில் சொன்னான்: "அடுத்ததா நாங்களே ஒரு பவள் செய்வம். மட்டையிலயும் ஈர்க்கிலயும்."

பவள் என்றால் எங்கள் வயதுக்காரருக்குப் படமாகத் தெரியும், பெற்றோருக்குச் சத்தமாகத் தெரியும். தென்னாபிரிக்காவின் பஃபல் கவச வாகனம். நம்முடைய ஆட்களின் வாயில் பவள் ஆனது. மேர்சிடிஸ் யூனிமொக் லொறியின் அடிப்பாகத்தில் கட்டியது. அடிப்பக்கம் ஆங்கில "வி" எழுத்து மாதிரிக் கூராக இருக்கும். கண்ணிவெடி வெடித்தால் அதன் வேகம் இரண்டு பக்கமும் பிரிந்து போகும். பின்னால் திறந்த தொட்டி, அதில் படையினர் முதுகோடு முதுகு பார்த்து இருப்பார்கள். இலங்கை அரசு 1980களில் அதை வாங்கியது. பிறகு அதைப் பார்த்து இராணுவத்தின் பொறியியல் பிரிவு யுனிகோன், யுனிபஃபல் என்று இங்கேயே கட்டியது. மொடல்காரரின் கண்ணால் பார்த்தால் அருமையான சாமான். நேர்கோடுகள், சரிவுகள், புழுதி, துரு, களத்தில் செய்த மாற்றங்கள். டைகரில் நாங்கள் ரசித்ததெல்லாம் அதிலும் இருக்கிறது.

அவன் சொன்னதை உள்ளே இருந்து கேட்ட நண்பனின் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டா. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "வேற எதையும் செய்யுங்களன்" என்றா. பிறகு, நாங்கள் கேட்காமலே சொன்னா. அவவுக்கு அப்போது பதின்மூன்று வயது. இரவில் அந்த எஞ்சின் சத்தம் ரோட்டு முனையில் கேட்டால் விளக்கை ஊதிவிட்டு, வாவிப் பக்கத்துக் கண்ணாப் பற்றைக்குள் போய் முழங்காலளவு தண்ணிக்குள் நிற்பார்களாம். சத்தம் நின்றால்தான் பயம் கூட. ஓடிக்கொண்டிருந்தால் அது எங்கேயோ போகிறது. நின்றால் யாருடைய வீட்டிலோ நின்றுவிட்டது.

அடுத்த நாள் இதைக் கம்பஸில் ஒரு சிங்கள நண்பியிடம் சொன்னோம். எங்களோடு ஒரே வருடம். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன்னுடைய அப்பாவின் தம்பி பவளுக்குள் இருந்தவர் என்றாள். கண்ணிவெடி. வீட்டுக்கு மூடிய பெட்டிதான் வந்தது. ஆச்சி கடைசிவரை அது அவர்தான் என்று நம்பவில்லை. "உங்கட அம்மா வெளியில நிண்டவ. எங்கட சித்தப்பா உள்ள இருந்தவர்," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். அவள் அம்மம்மாவின் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

ஆனையிறவில் இது தலைகீழாக நிற்கிறது. ஏ-9 வீதியோரத்தில் இரும்புத் தகடு பொருத்திய ஒரு புல்டோசர் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. 1991 ஜூலையில் ஆனையிறவு முகாமைத் தாக்கியபோது புலிகள் கட்டிக்கொண்டு வந்தது. காமினி குலரத்ன என்ற படைவீரர் கைக்குண்டுகளோடு அதன்மேல் ஏறித் தன்னுயிரைக் கொடுத்து நிறுத்தினார். அங்கே இருக்கிற நினைவிடம் அவருக்கானது. தெற்கிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அது வெளியே நின்றவரின் கதை. எங்களில் இருவர் யாழ்ப்பாணம் போகிறபோது அங்கே இறங்கினார்கள். அவர்களுக்கு வந்த யோசனை, உள்ளே இருந்தது யாருடைய பிள்ளை என்பது.

எங்களுக்குள் இருக்கிற டைகர்

இனிச் சொல்லப்போவது லேசில்லை. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை.

ஜேர்மன் டாங்கியைக் காதலிக்கிற வெளிநாட்டுக்காரரைப் பற்றி எழுதுவது சுகம். தோற்றவனின் இயந்திரத்தைக் காதலிக்கிற பழக்கம் எங்களிடமும் இருக்கிறது. போர் முடிந்த பிறகு புதுக்குடியிருப்பில் புலிகள் கட்டிய நீர்மூழ்கிகளையும் படகுகளையும் இராணுவம் காட்சிக்கு வைத்தது. வைத்தவர்கள் வெற்றியைக் காட்ட வைத்தார்கள். அந்தப் படங்களைப் போனில் பார்த்த எங்களுக்கு என்ன தோன்றியது? "எப்படிக் கட்டியிருக்கிறாங்கள் பாரன்!" என்றுதான். 2007 மார்ச்சில் கட்டுநாயக்காவுக்கு மேலால் பறந்த சின்ன விமானத்தைப் பற்றிக் கதைக்கிறபோதும் அதே குரல்தான் எங்களிடம் வருகிறது. திறமையுள்ள சிறுபான்மை, எண்ணிக்கையால் நசுக்கப்பட்ட வீரம், கடைசிவரை நின்ற இயந்திரம். இந்த வரியை மேலே ஒருமுறை எழுதிவிட்டோம். அங்கே அது ஜேர்மன் தளபதிகளின் கதை.

இரண்டு போரும் ஒன்று என்று சொல்லவில்லை. எங்கள் சனம் ஏன் ஆயுதம் எடுத்தது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் ஹிட்லரின் காரணம் இல்லை. எங்கள் கம்பஸ் வளவிலேயே, 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி அகதிகளாக வந்திருந்தவர்களில் 158 பேரைக் கூட்டிப்போனார்கள். அவர்கள் திரும்பவில்லை. நாங்கள் தினமும் நடக்கிற இடம் அது. நாங்கள் சொல்வது பழக்கத்தைப் பற்றி மட்டும். ஒரு இயந்திரத்தை அது போன இடத்திலிருந்து வெட்டி எடுத்து, அழகாக்கி, அலுமாரியில் வைக்கிற பழக்கம். அதற்கு எந்த இனத்துக் கையும் விதிவிலக்கில்லை.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு அப்படி வெட்டி எடுப்பது இன்னும் கஷ்டம். இந்த வாவிக் கரையின் ஊர்களிலிருந்து பிள்ளைகள் விரும்பியும் போனார்கள், வீடு புகுந்து இழுத்தும் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த இயந்திரங்களுக்கு உள்ளேயும் பின்னாலும் நின்றதில் அவர்களும் உண்டு. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டது புலிகள். சத்துருக்கொண்டானில் அடுத்த மாதம் 9 ஆம் திகதி கொல்லப்பட்டது தமிழ்ச் சனம். இரண்டு இடமும் இதே வாவிக் கரையில்தான், கல்லடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். இங்கே "வெளியால் நின்றவர்" என்றால் யாருக்கும் யாரோ ஒருவர் இருக்கிறார்.

அடியில் மூன்று வரி

மொடல் செய்யக்கூடாது என்று சொல்லி இந்தக் கட்டுரையை முடிக்க எங்களுக்கு மனமில்லை. கையால் ஒன்றைச் செய்கிறபோதுதான் அதைப் பற்றி வாசிக்க ஆசை வருகிறது. டைகரைச் செய்யாவிட்டால் ஹென்ஷெல்லையோ லெனின்கிராட்டையோ நாங்கள் தேடியிருக்க மாட்டோம். அம்மம்மாவும் கேள்வி கேட்டிருக்க மாட்டா.

நாங்கள் எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். எந்த மொடலையும் செய்யலாம். ஆனால் அது நிற்கிற பலகையின் அடியில் மூன்று வரி எழுத வேண்டும். எங்கே செய்தது, யார் செய்தது. உள்ளே யார் இருந்தது. வெளியே யார் நின்றது.

டைகருக்கு எழுத அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது. "காசல் நகரத்தில், கட்டாயத் தொழிலாளர்களின் கையாலும் செய்யப்பட்டது. உள்ளே ஐந்து ஜேர்மன் படையினர். வெளியே, முதலில் லெனின்கிராட்." வெள்ளைத் தாளில் எழுதி, பலகையின் அடியில் ஒட்டினோம். இப்போது அது நண்பனின் வீட்டு அலுமாரியில், பரிசுக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

பவளை இன்னும் செய்யவில்லை. மட்டை வெட்டி வைத்திருக்கிறோம். அந்த மூன்று வரியை எழுத நான்கு தடவை கூடிவிட்டோம். சிங்கள நண்பியும் இரண்டு தடவை வந்தாள். முதலாவது வரி சரி. இரண்டாவதில் அவளுடைய சித்தப்பா வருகிறார், அதையும் எல்லோரும் ஒத்துக்கொண்டோம். மூன்றாவது வரியில் ஒவ்வொருத்தரும் ஒரு ஊரின் பெயரைச் சொல்லச் சொல்ல, தாள் போதாமல் போய்விட்டது.

அடுத்த கிழமை பெரிய பலகையாக ஒன்று தேடப்போகிறோம்.